கற்பூரம் மணந்த சீப்பு

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் கொண்டைச் சீப்பு கிடைத்தது. தேன் நிறம். விரலால் தேய்த்தால் கற்பூரம் மணக்கும். அம்மனே கொடுத்தாள் என்று நம்பிவிட்டேன்.

அந்த வருடம் குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேஷம் போட்டேன். பொய்முடி அவிழாமலிருக்க அந்தச் சீப்பைத்தான் செருகினேன். மேளச் சத்தத்திலும் கடல் காற்றிலும் என் உடம்பு யாருடையதோ போல மிதந்தது. வளையல் கடைக்கார அக்கா ஒருவர் என்னை அம்மனாகவே எண்ணிக் கற்பூரத் தட்டை உயர்த்தினார். சுடர் காற்றில் சாய்ந்தது; சீப்பு குப்பென்று பற்றியது. அதையும் அருள் என்றே நினைத்துச் சிரித்தபடி நின்றேன்.

"தாயி, தலை எரியுது!"

அக்கா வெறுங்கையால் சீப்பைப் பிடுங்கி மணலில் எறிந்தார்.

"ஏலே, காளியே எரிஞ்சு போனா நாங்க யாரைப் போய் கும்பிட?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவரோ தலையைக் குனிந்து, "அழாதலே. திருநீறு பூசு தாயி" என்றார்.

பஞ்சையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த, எளிதில் தீப்பிடிக்கும் அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் அது, பெயர் செல்லுலாய்டு என்று பிறகு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். பொம்மை, கண்ணாடிச் சட்டம், சினிமாச் சுருள் எல்லாம் அதில் செய்தார்களாம்.

எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். எங்கே கற்பூரம் மணந்தாலும் அந்தக் கொப்பளித்த கைதான் கண்ணில் வருகிறது. அன்று அவர் நெற்றியில் திருநீறு பூசிய பிறகு, காளி அந்தக் கையைக் கும்பிட்டாள்.