சப்பாத்து ஏறாத லோரி

எழுபதுகளின் கடைசியில் நான் தேயிலை பேக்டரியில் லோரிக்குப் பெட்டி ஏற்றும் ஆள். பலகைப் பெட்டி, ஓரமெல்லாம் தகரம். கை நழுவினால் கால் காலி. எங்கள் கூட்டத்தில் நகம் முழுசாக இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் விரல் ஒழுங்காக இருக்க வேண்டும்!

தோட்டத்து மேனேஜர் துரைக்கு வெறுத்துப்போய்விட்டது. ஆளுக்கொரு ஜோடி, மூக்கில் இரும்பு வைத்த பூட்ஸ், எங்கள் பேச்சில் சப்பாத்து, கொடுத்தார். அதைப் போடாமல் அடிபட்டவன் மறுநாளே மலைச்சரிவில் புல்வெட்டப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கோ அடுத்த மாதம் கல்யாணம். லோரி வேலைக்காரன் என்பதால்தான் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள்.

ஆனால் எங்கள் டிரைவர் அண்ணன் தினமும் லோரிக்குச் சூடம் காட்டி, பலகையில் பொட்டு வைப்பவர்.

"லெச்சுமி மேல சப்பாத்துக் காலோட ஏறுறியா? வெளங்குவியாடா நீ? கழட்டு லா!"

கோயில் வாசல் மாதிரி லோரிக்குக் கீழே சப்பாத்துகளை வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவோம்.

ஒரு மழைநாள் காலை பெட்டி வழுக்கி என் இடது பெருவிரலில் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் துரை ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டார்.

"துரை வராரு! சப்பாத்த மாட்டுங்கடா!" என்றார் அண்ணன்.

இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள, அவரே வீங்கிய காலைச் சப்பாத்துக்குள் திணித்தார். பாவி மனுஷன், சாக்கில் தேயிலை அமுக்குவதுபோல் அமுக்கினார்.

"வாய மூடு மாப்ள! கல்யாணம் வேணுமா வேணாமா?"

துரை வந்து பார்த்தார். சப்பாத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மனுஷனுக்கு அப்படியொரு சந்தோஷம். "பாத்தியா, சப்பாத்து காப்பாத்துச்சு!" என்று என் முதுகில் தட்டினார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் சப்பாத்தை அறுத்துத்தான் எடுத்தார். மூன்று விரல் முறிந்திருந்தது.

"பெட்டி விழுந்தது ஒரு விரல்லன்னு சொன்ன. மத்த ரெண்டு?"

"அது கூட்டாளிங்க செஞ்ச ஒத்தாசைங்கய்யா."

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல மனிதர். ரிப்போர்ட்டில் சப்பாத்துப் போட்டிருந்ததாகவே குறித்து, மூன்று முறிவையும் பெட்டியின் தலையிலேயே எழுதினார்.

வேலை தப்பியது. கல்யாணத்தில் நொண்டிக்கொண்டே மணவறையைச் சுற்றினேன். திரும்ப வேலைக்குப் போன அன்று, துரை கொடுத்த புதுச் சப்பாத்தோடு லோரியில் ஏறினேன்.

"எறங்குடா!" என்று அண்ணன் கத்தினார்.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேண்ணே. சாமி என் விரல ஒடைக்கல, நீங்கதான் ஒடைச்சீங்க!"

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் சப்பாத்தோடு ஏறிவிட்டார்கள். அண்ணன் மூன்று மாதம் எங்கள் மூவரோடும் பேசவில்லை.