அக்கா திருப்பிக் கேட்ட வெள்ளைக் கிறீம்

கரவெட்டியில் பிறந்து கரவெட்டியிலேயே கண்மூடிய எங்கள் அக்கா, இடையில் ஊரைவிட்டு நீங்கியது ஷெல் துரத்திய காலங்களில் மட்டுந்தான். எங்கள் பெற்றோருக்கு அவர் மூத்த பிள்ளை. இரண்டாவதாக வந்த என்னைப் பார்த்த பின்னர் அவர்கள் அதற்குமேல் ஆசைப்படவில்லை. பாடசாலையில் அக்கா கணிதத்துக்கும் சமய பாடத்துக்கும் பரிசு பெற்றார். நான் ஒழுங்கான வரவுக்காக ஒரு பரிசு பெற்றேன். நாள்தோறும் என்னைக் கையில் பிடித்து இழுத்துச் சென்றவர் அக்கா என்பதால் அந்தப் பரிசும் அவரையே சேரும்.

அக்கா வியாபாரத்துக்கு வந்தது பொருளாதாரத் தடைக் காலத்தில். கடையில் சவர்க்காரம் கண்ணில் படாத நாட்கள் அவை. ஊரில் ஒருவர் தன் வீட்டுப் பின்கோடியில் காய்ச்சிய சவர்க்காரத்தை அக்கா வாங்கி, எங்கள் விறாந்தையில் மேசை போட்டு விற்க முன்வந்தார். விற்பதற்குமுன் ஒரு கட்டையை எடுத்து எங்கள் உடுப்பைத் தோய்த்துப் பார்த்தார். உடுப்பு வெளுத்தது, கூடவே அவருடைய கைத்தோலும் உரிந்தது. உரிந்த கையோடு செய்தவரிடம் போனார்.

‘அண்ணை, இது உடுப்புத் தோய்க்கவோ, கதவிலை பெயின்ற் உரிக்கவோ?’

‘சனம் சாம்பலாலை தோய்க்குது பிள்ளை. இது கிடைச்சதே பெரிய காரியம்.’

‘சாம்பல் கையைத் தின்னேல்லை அண்ணை.’

காரத்தைக் குறைத்துக் காய்ச்சிய பிறகுதான் அந்தச் சவர்க்காரம் எங்கள் விறாந்தைக்கு வந்தது. தான் பாவித்துப் பார்க்காத எதையும் விற்பதில்லை என்ற விதியை அக்கா அன்று வகுத்தார். நல்ல விதி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தானைக் கைப்பிடித்த பின்னர், சண்டை ஓய்ந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில், இருவருமாகச் சந்தியில் அந்த பான்சிக் கடையைத் திறந்தார்கள். அத்தான்தான் முதலாளி, காலையில் பூட்டைத் திறப்பார். மிச்சம் எல்லாம் அக்கா. வளையல், பொட்டு, சீப்பு, தலைமயிர்ச் சாயம், உதட்டுச் சாயம், மருதாணிக் கூம்பு என்று கடைக்குள் வந்த எல்லாமே முதலில் அக்காவின் மேல் ஏறி இறங்கின. ஒரு காலத்தில் அவருடைய தலை, வந்த சரக்குக்கு ஏற்ப மாதத்துக்கொரு நிறமாக இருந்தது. நாங்கள் சிரித்தோம். சனம் சிரிக்கவில்லை. ‘அக்கா போடுறாவெண்டால் பயமில்லை’ என்று வாங்கிச் சென்றது. பூச்சுப் பொருள் விற்பவருக்கு வேறு என்ன விளம்பரம் வேண்டும்?

அந்த வரிசையில்தான் வெள்ளைக் கிறீம் வந்து சேர்ந்தது. பொன்னிற மூடி போட்ட சின்னப் போத்தல். வெளியே ஒரு பெண்ணின் முகம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. செய்த கொம்பனியின் விலாசம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விபரமும் இல்லை. விதிப்படி அக்கா பூசினார். சில வாரங்களில் முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆனது. கலியாணம் பேசும் வீடுகள் வந்தன. பிள்ளை பெரியவளான வீட்டுச் சாமத்தியச் சடங்குக்காரர் வந்தனர். கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்து எங்கள் வெயிலில் கறுத்துப்போன மருமக்கள் முறையானவர்கள்கூட நாலைந்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தனர். அங்கே இல்லாத மருந்தா என்று கேட்டேன். ‘அங்கை உதை விக்க விடமாட்டினம் மாமா’ என்றாள் ஒருத்தி. அந்தப் பதிலை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டியவர்கள் கடையில் ஒருவரும் இல்லை, வாசித்த மனிதன் என்று பெயரெடுத்த நான் உட்பட.

கடை நன்றாக நடந்தது. அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கின. இரத்தத்தில் சீனி கூடிய சலரோகம் ஏற்கெனவே இருந்ததால், அதுதான் என்று எல்லோரும் சொன்னோம். யாழ்ப்பாணத்தில் சிறுநீரகம் பார்க்கும் இளம் வைத்தியர் ஒருவரிடம் நான்தான் அழைத்துச் சென்றேன். அவர் அக்காவின் காலைப் பார்த்துவிட்டு முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

‘அம்மா, முகத்துக்கு என்ன பூசுறனீங்கள்?’

தன்னுடைய நிறத்தைத்தான் பிள்ளை மெச்சுகிறது என்று அக்காவுக்கு மகிழ்ச்சி. ‘எங்கடை கடையிலைதான் கிடக்கு தம்பி. வீட்டிலை ஆருக்கும் வேணுமெண்டால் அடுத்தமுறை கொண்டு வாறன்.’

வைத்தியர் சிரிக்கவில்லை. ‘உதுகளுக்குள்ளை பாதரசம் கலக்கிறவை அம்மா. தோலாலை உள்ளுக்குப் போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். உங்களுக்குச் சலரோகமும் கிடக்கு, எது எவ்வளவு செய்தது எண்டு என்னாலை அடிச்சுச் சொல்லேலாது. ஆனால் இண்டையோடை நிப்பாட்டுங்கோ.’

பின்னர் சிறுநீரைச் சோதித்ததில் பாதரசம் இருந்தது. விற்கும் பொருளில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஊரில் ஒரு கடைக்காரருக்கு இருந்த ஒரே ஆய்வுகூடம் அவருடைய உடம்பு. முடிவு வரக் கொஞ்சம் காலம் எடுத்தது.

வைத்தியரிடம் போன அன்று, வீடு திரும்பிய பஸ்ஸில் தன் சிறுநீரகத்தைப்பற்றி அக்கா ஒன்றுமே கதைக்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, ‘தம்பி, நான் ஆர் ஆருக்கு வித்தனான்?’ என்று கேட்டார். பிறகு தானே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இன்னாருடைய மருமகள், இன்னாருடைய பேத்தி, தையல்காரப் பெட்டை. நாங்கள் இறங்கும் நெல்லியடி வருமட்டும் பெயர்கள் முடியவில்லை.

மறுநாளே அக்கா கிறீம் தட்டைக் காலியாக்கினார். கிறீம் கொண்டுவந்து போடும் கொழும்பு முகவர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன்.

‘இதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு சொல்லும்’ என்றார் அக்கா.

‘எல்லாம் நல்ல சாமான் அக்கா. வாசத்தைப் பாருங்கோவன்.’

‘வாசத்தை நான் வருசக்கணக்காய்ப் பாத்திட்டன். உள்ளுக்கு என்ன?’

‘எல்லாரும் விக்கினம் அக்கா, நீங்கள் மட்டும் ஏன் பயப்பிடுறியள்? இப்ப புதுசாய் ஒண்டு வருது. அதிலை பிரச்சினை இல்லையாம், லேபலெல்லாம் மாத்தியிருக்கினம்.’

‘லேபலையோ மாத்தினவை, சாமானையோ?’

அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். மிஞ்சிய சரக்கை அவர் திருப்பி எடுக்கவில்லை. அடுத்ததாக அக்கா ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனார். அங்கே அவருக்குக் கதிரை கொடுத்து, மரியாதையாகக் கேட்டு, இது தங்கள் பிரிவுக்குள் வராது என்று விளக்கினார்கள். எந்தப் பிரிவுக்குள் வரும் என்பதும் தங்கள் பிரிவுக்குள் வரவில்லை. அதே கிறீமை விற்ற எதிர்க்கடை முதலாளியிடம் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘சனம் கேக்குது, நான் குடுக்கிறன்’ என்றார். ‘சனம் நிறத்தையெல்லே கேட்டது, நஞ்சையோ கேட்டது?’ என்று அக்கா கேட்டார். அவர் பதில் சொல்லுமுன் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். அக்காவிடம் வழக்கமாக வாங்குபவர்தான்.

பிறகு அக்கா விற்றதைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போனார். வீங்கிய காலோடு, அத்தானின் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து. அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலருடைய படலையை அவர் தட்டியிருக்கிறார். சிலர் உடனே எடுத்துக் கொடுத்தீர்கள். சிலர், ‘கலியாணம் முடியட்டும் அக்கா, பிறகு தாறன்’ என்றீர்கள். ‘உங்களுக்கு வருத்தம் வந்ததுக்கு என்ரை பிள்ளை கறுக்க வேணுமோ?’ என்று கேட்டவரும் இருக்கிறார். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தபடியால் எழுதவில்லை.

இவ்வளவையும் தாங்கலாம். அதன்பின் நடந்ததைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. நாங்கள் தட்டுப்பாட்டில் வளர்ந்த சனம். மண்ணெண்ணெய், சீனி, பெற்றோல், பால்மா என்று ஒவ்வொன்றாக இல்லாமற்போனதைக் கண்ட சனம். ஒரு கடைக்காரி தான் விற்றதைத் திருப்பிக் கேட்டால் எங்களுக்கு ஒரேயொரு காரணந்தான் தோன்றும்: சாமான் முடியப்போகிறது, விலை ஏறப்போகிறது, அவள் பதுக்குகிறாள். கதை ஒரு கிழமைக்குள் கரவெட்டியிலிருந்து பருத்தித்துறை வரை போனது. எதிர்க்கடையில் வரிசை நின்றது. ஒன்று வாங்குபவர்கள் ஆறு வாங்கிப் பதுக்கினார்கள். அக்கா எத்தனை வீட்டுப் படலையைத் தட்டினாரோ அத்தனைக்கு அந்தக் கிறீம் விற்றது.

பத்திரிகையில் அறிவித்தல் போடுவோம் என்றார் அக்கா. அவர்களுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அத்தான் வாழ்க்கையில் முதற்தடவையாகக் குரலை உயர்த்தினார்.

‘நஞ்சு வித்தனாங்கள் எண்டு எங்கடை காசிலை நாங்களே பேப்பரிலை போடுறதோ? உமக்கென்ன விசரோ?’

‘வித்தது உண்மைதானே அப்பா.’

‘தெரியாமல் வித்தது.’

‘அதையும் போடுங்கோ.’

போடவில்லை. அதற்குப் பதிலாக, பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதும் பழக்கமுள்ள நான் களத்தில் இறங்கினேன். வெள்ளைக் கிறீமைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல வரவேற்பு. வாசித்த மூன்றுபேர் அந்தக் கிறீம் எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். அக்கா அதை வாசித்துவிட்டு, ‘நல்லாய்த்தான் எழுதியிருக்கிறாய்’ என்று மடித்து வைத்தார். என் எழுத்துக்குக் கிடைத்த மிகக் கடுமையான விமர்சனம் அது.

அக்காவின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, இரத்தம் சுத்திகரிக்கும் நாட்களில் நான் பக்கத்தில் இருப்பேன். அப்படியொரு நாள், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், அவர் சொன்னார்:

‘நான் போனால் நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் அடிப்பியள்தானே?’

‘உந்தக் கதையை விடு அக்கா.’

‘விசர்க் கதை கதையாதை, கேள். பேப்பரிலை போட்டால் வடை சுத்துவினம். கல்வெட்டை ஒருத்தரும் எறியமாட்டினம், சாமியறையிலை வைப்பினம். வீடு வீடாய்ப் போகும். வேண்டாம் எண்டு சொல்லவும் மாட்டினம். அதிலை போடு. பகிடி விடாமல் எழுது.’

அக்கா தைப்பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்களைவிட்டுப் பிரிந்தார். உடலைப் பதப்படுத்தி அலங்கரித்தவர்கள் முகத்துக்கு வெள்ளையாக ஏதோ பூசியிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், ‘கடைசிவரையும் என்ன நிறம் பாருங்கோ’ என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே இது அக்காவின் அறிவித்தல். எங்கள் கடையில் நீங்கள் வாங்கிய, பொன்னிற மூடியும் பாதி வெள்ளை முகமும் உள்ள கிறீமில் பாதரசம் இருக்கிறது. தெரியாமல் விற்றோம். அதைப் பூசாதீர்கள். பூசியவர்கள், கால் வீங்கினாலும் வீங்காவிட்டாலும், வைத்தியரிடம் காட்டிச் சிறுநீரைச் சோதியுங்கள். உடனே நிறுத்திய பலருக்குச் சுகம் வரும் என்று அந்த இளம் வைத்தியர் சொல்கிறார். வேறு கடையில் வாங்கிப் பதுக்கியதும் இதே சாமான்தான். விலை ஏறாது. ஏறினாலும் வாங்காதீர்கள்.

அக்காவின் நோயின்போது இரத்தம் தந்தவர்கள், வைத்தியர்கள், தாதியர், கறி காய்ச்சிக் கொண்டுவந்த அயலவர், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கிறீமைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தானிடம் காட்டினேன். மகளையும் பக்கத்தில் இருத்தி, சத்தமாக வாசித்தார். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கச் சொன்னார். மிஞ்சியவற்றை மூடியிட்ட பிளாஸ்ரிக் பீப்பாவுக்குள் போட்டு அவர் வீட்டில் வைத்திருக்கிறார். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்களிடம் இருப்பதையும் கொண்டு வாருங்கள். வெட்கத்தில் இருட்டினபிறகு வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போகாதீர்கள், அந்தப் பக்கம் கிணறு. பகலில், வாசலால் வாருங்கள். ஏன் வைத்திருந்தீர்கள் என்று அத்தான் கேட்கமாட்டார்.

குடும்பத்தினர் எல்லோருக்குமாக,
தம்பி