பையன்களைத் திட்டாத பொலிக்ஸேனி

பரஸ்கேவாஸின் காபிக் கடையில் வாசலை ஒட்டிய மேசைதான் பொலிக்ஸேனிக்கு வேண்டும். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, வீட்டில் போட்ட காபியை மூடியில் ஊற்றிக்கொள்கிறார். பூசணி விதைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். தோலைக் கடையின் சாம்பல் கிண்ணத்திலேயே துப்புகிறார். பரிமாறும் பெண் ஆரம்பத்தில், "வெளிக் காபி இங்க குடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிப் பார்த்தாள்.

"உங்க முதலாளியை வந்து சொல்லச் சொல்லு கண்ணு" என்றார் பொலிக்ஸேனி. முதலாளி வரவில்லை.

சனிக்கிழமை காலை முழுக்க இப்படித்தான் போகும். கல்லாவில் இருக்கும் பரஸ்கேவாஸை அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பொலிக்ஸேனி அங்கே உட்கார்ந்திருக்கும்வரை, கிரேக்கத்தின் அந்த வோலோஸ் நகரத்துப் பையன் எவனும் அந்தக் கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அதற்காகத்தான் வருகிறார்.

சிறார் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் விடும் பையன்களைக் கவனித்துக்கொள்வது அவருடைய உத்தியோகம். குள்ளம். ஒரு முழங்கால் மடங்காது. சிவப்புச் சாயம் பூசிய தலை, சிகரெட்டில் கரகரத்துப்போன குரல், ஆண்கள் போடும் தடித்த ஷூ. ஒரு பையன் முன்னாலும் அவர் சிகரெட் பற்றவைத்ததில்லை. பற்றவைக்க அவனையும் விட்டதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பையன்களுக்குப் புத்தி சொல்லியே ஓய்ந்துபோவார்கள். பொலிக்ஸேனி சொல்வதே இல்லை.

"அவனுக்கு நான் என்னத்தச் சொல்றது? திருட்டு பைக்கை ஓட்டிட்டு வாடான்னு அவனை அனுப்பினது யாரு? பள்ளிக்கூடத்துல அவன் பேரை வெட்டினது யாரு? நான் பேச வேண்டியது பெரியவங்ககிட்ட."

பேசவும் செய்கிறார். தலைமையாசிரியர், வாடகைக்கு விட மறுத்த வீட்டுக்காரர், தங்கை மகனை வாசலோடு திருப்பி அனுப்பிய மாமன் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. அவர் தெருமுனையில் திரும்பினால் மீன்காரர்கள்கூட மீனை அடுக்குவது போலக் குனிந்துகொள்வார்கள்.

பரஸ்கேவாஸை ஊரே நல்ல மனிதர் என்கிறது. ஈஸ்டருக்குக் கோயிலில் மிகப் பெரிய மெழுகுவர்த்தி அவருடையது. வீட்டில் கவனிப்பாரில்லாத பையனாகப் பார்த்து ஒரு நல்ல போனும் ஒரு சிகரெட் பெட்டியும் கொடுப்பார். "உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலையேடா, உன்னை யாரு என்ன பண்ணிட முடியும்?" என்பார். மறு வாரம் அந்தப் பையன் அவருக்காக யாரோ ஒருவருடைய பைக்கின் பூட்டை உடைத்துக்கொண்டிருப்பான். பிடிபட்டால் பையன் மட்டும் பிடிபடுவான்.

அப்படிப் பிடிபட்டவன்தான் ஆர்கிரிஸ். பொலிக்ஸேனி அவனைத் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவருக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். விதைப் பொட்டலத்தை நடுவில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. பொட்டலம் தீரும் நேரத்தில் அவனே வாயைத் திறந்தான்.

"எனக்கு என்ஜின்னா பிடிக்கும்மா. வண்டியை ஓட்டறதைவிட பிரிச்சுப் போட்டுப் பாக்கறதுதான் பிடிக்கும்."

மறுநாளே படகு என்ஜின் பழுதுபார்க்கும் ஜிசிஸின் பட்டறையில் போய் நின்றார். "இவன் கெட்டுப்போனா என்னைக் கேளு. நீ இவனைக் கெடுத்தா நான் உன்னைக் கேப்பேன்." ஜிசிஸ் பயந்துகொண்டே சேர்த்துக்கொண்டார். பயந்து சேர்த்தது வீண்போகவில்லை, குளிர்காலம் முடிவதற்குள் வாடிக்கையாளர்கள் பையனைப் பேர் சொல்லித் தேட ஆரம்பித்தார்கள்.

போன வசந்தத்தில் ஒரு நாள் நடுப்பகலில் மருந்துக்கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் காணாமல் போயிற்று. போலீஸ் நேராகப் பட்டறைக்குத்தான் வந்தது. எண்ணெய்க் கையோடு நின்ற ஆர்கிரிஸை வண்டியில் ஏற்றியது. காலையிலிருந்து அவன் தன் கண்ணெதிரில் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான் என்பது ஜிசிஸுக்குத் தெரியும். சுற்றி வாடிக்கையாளர்கள் நின்றார்கள். ஜிசிஸ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செய்தி கேட்டதும் பொலிக்ஸேனி போலீஸ் நிலையத்துக்குப் போகவில்லை. பட்டறைக்குத்தான் போனார்.

"எங்க இருந்தான் காலைல?"

"இங்கதான்."

"சொன்னியா?"

"நாலு பேரு நிக்கறாங்கம்மா. போலீஸ் வந்து போற கடைன்னு பேராயிட்டா, யாரு படகைக் கொண்டாந்து விடுவா?"

"உன் பொழப்பைக் காப்பாத்த நீ வாயை மூடிக்கிட்ட. அவன் பொழப்பு யாரு வீட்டுது? ஒரு வார்த்தை ஜிசிஸ். 'இங்கதான் இருந்தான்'னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்குக்கூட உனக்கு நாக்கு வரல. பரஸ்கேவாஸாவது திருடன்னு எனக்குத் தெரியும். உன்னை நான் மனுஷன்னு நெனச்சேன்."

ஜிசிஸ் துணியைக் கீழே போட்டார். கதவைக்கூடப் பூட்டாமல் பொலிக்ஸேனியின் பின்னால் நிலையத்துக்கு நடந்தார். பரஸ்கேவாஸின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பரஸ்கேவாஸ் நிழலில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "என்ன அவசரம் பொலிக்ஸேனி?" என்றார். பொலிக்ஸேனி திரும்பிப் பார்க்கவே இல்லை.

நிலையத்தில் ஜிசிஸ் சொல்ல வேண்டியதைச் சொன்னார். சத்தமாகவே சொன்னார். இளம் அதிகாரி தோளைக் குலுக்கினார்.

"ஏற்கெனவே பேரு அடிபட்ட பையன். சந்தேகம் வரத்தானேம்மா செய்யும்."

"இவனை அனுப்பினவன் பேரும்தான் அடிபட்டுச்சு. இவன் கோர்ட்டுல நின்னு வாயால சொன்னான், நானும் கேட்டேன். அந்த ஆளு கடைலதான நீங்க தெனம் காபி குடிக்கறீங்க? அவரைக் கூட்டியாந்து இந்த பெஞ்சில உக்கார வெச்சீங்களா?"

"அது வேற விஷயம்."

"வேற விஷயம் இல்ல தம்பி. அது ஒண்ணுதான் விஷயம்."

அதிகாரி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஆர்கிரிஸ் வந்தான். பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான். கயிறு உருவிய ஷூ ஒவ்வோர் அடிக்கும் கழன்றது. ஜிசிஸைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மன்னிப்பு என்று யாரும் வாயெடுக்கவில்லை.

"சரி, கெளம்புங்க" என்ற அதிகாரி, உள்ளே அடைக்கும்போது பையனிடம் வாங்கிவைத்த பொருட்கள் இருந்த பிளாஸ்டிக் தட்டை மேசை மேல் வீசினார். பெல்ட் மேசையில் நின்றது. ஷூக் கயிறுகள் வழுக்கித் தரையில் விழுந்தன.

பையன் குனிந்தான். பொலிக்ஸேனி பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரை எட்டிப் பிடித்து நிமிர்த்தினார். அதிகாரி மேசையைச் சுற்றி வந்து தரையை நோக்கிக் குனியும்வரை அந்தப் பிடியை விடவில்லை.