குமியூவில் துப்பிய ஒரு வாய் வைன்

ஐந்து வருடங்களாக நான் வைனை மோந்து மட்டும் பார்த்தவள். குழந்தைக்காக ஊசியும் மாத்திரையுமாக இருந்த காலம். ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது என்று நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதனால் எங்கள் தமிழ்ச் சிநேகிதக் கூட்டம் எந்தத் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பினாலும் ஸ்டீரிங் என் கையில்தான். குடிக்காத மனுஷி ஒருத்தி கிடைத்தால் விடுவார்களா?

மூக்கு மட்டும் நன்றாகத் தேறிவிட்டது. மார்ல்பரோ சாவிஞான் பிளாங் என்கிற வெள்ளை வைனில் கொய்யா வாசம் தூக்கலாக இருக்கும். ஹாக்ஸ் பே சிராவில் அப்போதுதான் இடித்த மிளகு. சென்ட்ரல் ஒடாகோ பினோ நுவாரில் ஈர மண்ணும் நாவல்பழமும். நான் சொல்லச் சொல்ல என் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமாடி, மிளகேதான்!" என்பார். பாதி நேரம் சும்மா சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஹென்டர்சன் பகுதியில் நான் ரிசப்ஷனில் இருக்கும் பல் கிளினிக்கின் பின்கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கரு தங்கவில்லை. உறைய வைத்ததில் எங்களுக்கு மிச்சமிருந்த கடைசிக் கருவும் அதுதான். பேசிய நர்ஸ் நல்லவள், இரண்டு முறை சாரி சொன்னாள். பரவாயில்லை என்று அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். உள்ளே போய் ஒருவருக்கு அப்பாயின்ட்மென்ட்டை மாற்றிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

கணவர் ஆபீஸ் வேலையாகத் தலைநகர் வெலிங்டனில் இருந்தார். ஞாயிறு மாலைதான் வருவார். சாயங்காலம் கூப்பிட்டு, "சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

"திங்கள்கிழமைதான் சொல்வாங்களாம்" என்று புளுகினேன். ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து அவர் இதைக் கேட்கக் கூடாது. அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், நேரில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே தெளிவு அது.

மறுநாள் குமியூவில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போவதாக முன்பே பேசி வைத்திருந்தோம். வரவில்லை என்றால் ஏன் என்பார்கள். பதில் சொல்ல வேண்டும். அதற்குப் போய்விடுவதே மேல். நாங்கள் குடியிருக்கும் மாசி என்ற பேட்டையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவையும் அவர் சிநேகிதிகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். தமிழில் கேட்டால் மகள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள் என்று வழியெல்லாம் அக்கா குறைபட்டுக்கொண்டே வந்தார்.

தோட்டத்தில் நீள மேஜை, ஆளுக்கு ஐந்து கிளாஸ், நடுவில் துப்புவதற்கு ஒரு ஜாடி. வைன் ஊற்றுகிறவர்கள் அதில் கூச்சமே இல்லாமல் துப்புவார்கள். நம் ஆட்கள் செத்தாலும் துப்ப மாட்டார்கள். நாலு பேர் முன்னால், அதுவும் சாப்பிடுகிற மேஜையில், எச்சில் துப்புவதா? "சீ, இதை ஆர் கழுவுறதோ" என்று அக்கா ஒவ்வொரு முறையும் ஜாடியைத் தள்ளி வைப்பார். பிடிக்காத வைனையும் கஷாயம் மாதிரி கண்ணை மூடி விழுங்கிவிடுவார்.

ஷார்டனே வைன் வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். வெண்ணெய், அணைத்த தீக்குச்சி. எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல முடிந்தது, ஆனால் எதுவும் எனக்குள் இறங்கவில்லை. இனி யாருக்காகக் கட்டுப்பாடு என்று தோன்றியது. ஒரு வாய் எடுத்தேன். தொண்டை மறுத்துவிட்டது. ஐந்து வருடப் பழக்கமாயிற்றே! ஜாடியை இழுத்து அவசரமாகத் துப்பினேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். அப்படியே மலர்ந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, விசேஷமோ?"

கல்யாணமானவள் வாயில் வைத்ததைத் துப்பினால் நம் ஆட்களுக்கு வேறு காரணமே தோன்றாது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்னே ஏன் துப்பினாய் என்பார். அதைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையும் வெளியே வரும். என் கணவருக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். பேசாமல் இருந்தேன். மௌனம் சம்மதம் என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஓம் ஓம், நீ ஒண்டும் சொல்லாதை. எனக்கு விளங்குது. மூண்டு மாசத்துக்கு வெளியில கதைக்கக் கூடாது. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். நல்ல மனுஷிதான். ஆனால் வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கொடுத்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன். திரும்பும்போது என்னை வண்டி ஓட்ட விடமாட்டேன் என்று ஒரே அடம், அவரோ ஐந்து கிளாஸ் குடித்திருந்தார்.

ஞாயிறு மாலை விமான நிலைய வாசலில் கணவர் கார் கதவைத் திறக்கும்போதே சிரித்தார்.

"திங்கள்கிழமையாம், திங்கள்கிழமை! அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணி வாழ்த்து சொல்றார், நான் பேக்கு மாதிரி முழிக்கிறேன். என்கிட்ட மறைக்க உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

கண் கலங்கியிருந்தது. இந்த ஐந்து வருடத்தில் அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"இல்லைங்க. தங்கலை. வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்க. அக்கா தப்பா நினைச்சுட்டாங்க, நானும் மறுக்கலை."

சீட் பெல்ட்டை இழுத்த கை பாதியில் நின்றது. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். நான் கிளப்பினேன். வெகுதூரம் போன பிறகு, "அம்மாகிட்ட சொல்லிட்டேனே" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

"போன் போடுங்க. நானே சொல்றேன்."

மதுரையில் அப்போது காலை நேரம். முதல் மணியிலேயே மாமியார் எடுத்தார். கார் முழுக்க அவர் குரல்.

"ஏன் தாயி, வாய்க்கு என்ன கேக்குது? புளிப்பா, இனிப்பா?"

"அத்தை, குழந்தை தங்கலை. அவசரப்பட்டு உங்ககிட்ட சொல்லிட்டோம்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"அவன் அழுறானா?"

"ஆமா."

"நீ?"

"இல்லைத்தை."

"சரி, அவனை விடு. உனக்கு எங்க தாயி வலிக்குது? அதைச் சொல்லு."

யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கணவர் சட்டென்று ஸ்டீரிங்கைப் பிடித்தார். "நிறுத்து, ஓரமா நிறுத்து. ரோடு தெரியுதா உனக்கு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.