மேடானுக்குப் போகாத காளியப்பன் அண்ணே

ஈப்போ ஜெலாப்பாங் காலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்க்கும்போது தொலைபேசி அடித்தது. காதர் பாய். நம் தொழிற்சாலைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அதே காதர் பாய்தான். "சரசு அக்கா, காளியப்பன் அண்ணே இன்னிக்கித் தேத்தண்ணிக்கு வரலக்கா. என்னடான்னு வீட்டுக்குப் போய்ப் பாத்தேன்" என்றார். அண்ணே போய்விட்டார் என்று சொல்லி அழுதார். மீனைத் தட்டில் திருப்பி வைத்தேன். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். நான் போனபோது அண்ணே நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். வேலைக்குப் போகாத நாளிலும் அவர் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போடுவார். அன்றும் போட்டிருந்தார்.

கையுறைத் தொழிற்சாலையின் பழைய ஆட்கள் எல்லாம் சேர்ந்து, அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தா என்று என்னிடம் கேட்டீர்கள். அவரோடு அதிகம் பழகியவள் நான்தான் என்பது காரணம். எங்களைப் பற்றி நீங்கள் முதுகுக்குப் பின்னால் என்னென்ன பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. அவர் ரப்பர் பால் கலக்கும் பிரிவில் இருந்தார், நான் கையுறையில் காற்றடைத்து ஓட்டை பார்க்கும் பிரிவில் இருந்தேன். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை. ஓய்வு நேரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம், அவ்வளவுதான். நாலு வரியில் இது அடங்காது. பொறுமை இருந்தால் படியுங்கள்.

அவர் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிள்ளை பிறந்ததும் அவருடைய அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லியிருக்கிறார். கிராணி தன் பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறப்புப் பதிவு என்பது அதுதான் என்று அந்த மனிதர் நம்பிவிட்டார். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் அப்படி நம்பினார்கள்! தோட்டத்துக்கு வெளியே இன்னொரு புத்தகம் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? பிறகு தோட்டம் கைமாறியது, கிராணி போனார், புத்தகமும் போனது. பிறந்த மண்ணிலேயே காளியப்பன் அண்ணே குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது சிவப்பு ஐசிக்காரர் ஆனார். குடியுரிமைக்கு எத்தனை தடவை மனுப் போட்டார் என்று அவருக்கே கணக்கில்லை. "காத்துக்கிட்டு இருக்கிறதுல எனக்கு நல்ல பழக்கம் சரசு" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ராஜத்தை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். கடலுக்கு அக்கரையில், இந்தோனேசியாவில் இருக்கும் மேடானிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தமிழ்ப் பெண். பொதி கட்டும் பிரிவில் வேலை செய்தாள். இருவரும் ஒரு சின்னக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அவளுக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் ஒப்பந்தத்தை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளி பிள்ளை பெறக்கூடாது என்பது அப்போதைய விதி. ராஜம் அங்கே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள், தேவி என்று பெயர் வைத்தாள், சில வருடங்களில் காய்ச்சலில் செத்தும் போனாள். தேவியை அவளுடைய பெரியம்மா வளர்த்தார். அந்த அம்மாவுக்குக் காளியப்பன் அண்ணன் மேல் தீராத கோபம். வயிற்றில் கொடுத்துவிட்டுக் கைவிட்டவன் என்று நினைத்தார். பிள்ளையை இங்கே அனுப்ப மறுத்துவிட்டார். ஆக அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் தொலைபேசிதான். சிவப்பு அட்டைக்குக் கடப்பிதழ் என்கிற பாஸ்போர்ட் கிடையாது. வேறொரு பயணப் பத்திரம் உண்டு என்று யாரோ சொல்லி அதற்கும் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் தேவிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "அப்பா, நீங்க வந்து என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கணும்" என்று அவள் தொலைபேசியில் அழுதாளாம். மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பாகான் டத்தோவில் ஒரு சீனரிடம் சின்ன மீன்பிடிப் படகு இருக்கிறது, அதில் மேடானுக்குப் போகப்போகிறேன் என்றார். உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். அது கரையோரம் நண்டு பிடிக்கிற மரப்படகு, நடுக்கடலில் கப்பல் கிளப்புகிற அலைக்கே கவிழ்ந்துவிடும், பிடித்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தண்ணி ஐசி கேக்காதுலா, சரசு" என்றார்.

 மூன்று நாள் அந்தப் பெஞ்சுப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் நானே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தமிழ்ப் பள்ளிப் படிப்பு மட்டும்தான், மலாயில் அச்சடித்த கடல் நீரேற்ற அட்டவணையை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கடல் எவ்வளவு அகலம் என்று கேட்டார். மைலில் சொன்னேன், புரியவில்லை. கிலோமீட்டரிலும் புரியவில்லை. "மரத்துல சொல்லு" என்றார். அவருடைய அப்பா ஒரு காலையில் ஐந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், அந்த நடைதான் அவருக்கு அளவு. நானும் பென்சிலை வைத்துக்கொண்டு மலாக்கா நீரிணையை ரப்பர் மரமாக மாற்றினேன். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் வெட்டினால்தான் அக்கரை வரும் என்று கணக்கு வந்தது. "எங்கப்பா ஒரு நாளும் லீவு போட்டதில்ல" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

புறப்படுவதற்கு அமாவாசை நாளைத்தான் முதலில் குறித்திருந்தார். நல்ல நாள், அதோடு இருட்டு என்பது அவர் யோசனை. படகுக்காரர் ஆ செங் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அமாவாசையில் நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும், நீ நினைக்கிற ஊருக்குப் போகமாட்டாய், கடலுக்கு உங்கள் சாமி நாள் தெரியாது என்று மலாயில் வைதார். நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு வேறு நாள் எழுதினோம். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், மீன் பிடிக்கப் போவதுபோல் பகலிலேயே கிளம்புவது என்று முடிவானது.

நீச்சல் தெரியாமல் போகக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனேன். ஐம்பது தாண்டிய மனிதர், தொழிற்சாலைக் காக்கிக் கால்சட்டையோடு போய் நின்றார். அதைப் போட்டுக்கொண்டு இறங்கக்கூடாது என்று காவலாளி சொல்ல, கடையில் ஒரு நீச்சல் கால்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். தன் தொடையைத் தானே பார்க்கக் கூச்சப்பட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். நாலு வாரம் போனோம். இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதோடு அவர் நீச்சல் நின்றது. பிறகு தொழிற்சாலையில் காலியாகிக் கிடந்த ரசாயன மருந்துக் கலன்கள் மூன்றைக் கழுவி, மூடியை இறுக்கி, கயிற்றில் கோத்தார். அதுதான் அவருடைய மிதவை. ஸ்டோரில் கலன் காணோம் என்று உங்களில் ஒருவர் என்மேல் சந்தேகப்பட்டாரே, எடுத்தவர் அவர்தான்.

வெள்ளோட்டமாக ஒரு காலையில் ஆ செங் அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனார். நான் கரையில் காத்திருந்தேன். மத்தியானம் வந்து சேர்ந்தபோது அண்ணனை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். முந்தின நாள் சாப்பிட்டதுவரை வாந்தி எடுத்திருக்கிறார். இதோடு விட்டுவிடுவார் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம், பொய் சொல்லமாட்டேன். இளநீரை வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "கரை கண்ணுக்குத் தெரியாம போச்சு சரசு. அந்தப் பக்கம்தான் எம்மவ இருக்கா" என்று மேற்கே கையை நீட்டினார்.

புறப்பட வேண்டிய நாளில் என் பழைய கஞ்சில் காரில் அழைத்துப் போனேன். ஒரு வாரத்தில் அதே படகில் திரும்பி வருவார் என்றுதான் நினைத்திருந்தேன். திரும்பும் நாளுக்கும் நீரேற்ற நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். படகுத்துறையில் கடல் அசையவே இல்லை. தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரி கிடந்தது. காற்றும் இல்லை. இந்த மாதிரி நாள் வருடத்தில் சில தடவைதான் வரும் என்று ஆ செங் சந்தோஷமாக இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாந்திக்கு உப்புப் புளிப்புப் போட்ட நெல்லிக்காய் வாங்கி வந்திருந்தேன். அதை வைக்கலாம் என்று அவருடைய பையைத் திறந்தேன். கல்யாணத்துக்குப் போகிறவர் பை இல்லை அது. அவருடைய எல்லாச் சட்டையும் அதில் இருந்தது. அப்பா அம்மா படம் துணியில் சுற்றி அடியில் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். "வீட்டுக்காரர்கிட்ட குடுத்துரு சரசு. சிவப்பு ஐசிக்காரன் காகிதம் இல்லாம வெளிய போனா, மறுபடி உள்ள விடமாட்டாங்க. போனா போனதுதான். எனக்கு மொதல்லேயே தெரியும்" என்றார். சொன்னால் நான் உதவமாட்டேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அப்போது எனக்குக் கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. வரவில்லை. நாளைக்கு அந்தப் பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்று தோன்றியது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"அப்ப நான் என்னண்ணே பண்றது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். படகைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கி, காரின் பின்இருக்கையில் வைத்தார். "வெயில் ஏறுது. வா, போலாம்" என்றார். ஆ செங் பின்னாலேயே வந்து கத்தினார். இப்படி ஒரு கடல் இனிமேல் கிடைக்காது, உன் மகள் கல்யாணம் இன்னொரு தடவை வராது என்றார். அண்ணே அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். ஈப்போவுக்குக் காரை ஓட்டினேன். வேண்டாம், நீங்கள் போங்கள் என்று சொல்ல எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. காரைத் திருப்பியிருக்கலாம். நான் திருப்பவில்லை.

நாலாம் நாள் காதர் பாய் கடையில் உட்கார்ந்து, என் தொலைபேசியில் கல்யாணத்தைப் பார்த்தோம். பெரியம்மாவின் கணவர் தாரை வார்த்தார். அண்ணே கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில், கைக்குள் அரிசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும்போது எழுந்து நின்று, அந்த அரிசியைத் தொலைபேசி மேல் போட்டார். காதர் பாய் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாய் மேசையைத் துடைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம். ஒரு தடவையாவது என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு சின்னச் சொல், குத்தலாக ஒரு பார்வை, எதுவும் இல்லை. எப்போதும்போல் பெஞ்சுக்கு வந்தார். என் சோற்றில் இருக்கும் கருவாட்டை எடுத்துக்கொண்டு தன் முட்டையை எனக்கு வைத்தார். தேவிக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிள்ளைகள். சின்னது நடக்க ஆரம்பித்ததும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது நடக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தபோதுதான் அவர் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேவி வந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அவருடைய நெற்றி, அவருடைய பல்வரிசை. தமிழும் இந்தோனேசிய மொழியும் கலந்து பேசினாள். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபின் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கிக் கடல் ரொம்பப் பெரிசா அடிச்சுதாம் அத்தை. அப்பா பிடிவாதமா படகுல ஏறப் போனாராம். நீங்கதான் கையப் புடிச்சு இழுத்துக் காப்பாத்துனீங்களாம். அப்பா எப்பவும் சொல்வாரு. நீங்க இல்லேன்னா அவரோட நான் இத்தன வருஷம் பேசியிருக்கவே முடியாதுன்னு" என்றாள். பிறகு குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

 அவளைத் தூக்கி நிறுத்தி, சாப்பிடும்மா என்று அனுப்பினேன். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் விடும்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

அண்ணனைத் தெரிந்த உங்களிடம் முதலில் சொல்கிறேன். அன்று கடல் சும்மா இருந்தது. அவரைத் தடுத்தது நான். அவர் உயிருக்குப் பயந்து அல்ல, எனக்குத் துணை இல்லாமல் போய்விடும் என்று பயந்து. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பி வந்தார். வந்தது போதாதென்று, தன் மகளிடம் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காளியப்பன் அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நல்ல பெயர்தான். எனக்காக ஒருவர் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்ளக்கூடாது.

என்னிடம் கடப்பிதழ் இருக்கிறது. இதுவரை எங்கும் போனதில்லை. வருகிற வியாழக்கிழமை மேடானுக்குப் போகிறேன், தேவியிடம் நேரில் சொல்ல. பினாங்கிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாதாம்.