சித்தியின் செங்கல்

"ஏன் சித்தி, கடையில விக்கிற மல்டிமீட்டரெல்லாம் கைக்கு அடக்கமா இருக்கு, நீங்க வடிவமைச்சது மட்டும் செங்கல் மாதிரி இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. சிவப்பு ஒயரைக் கையில் கொடுத்து, கரண்ட் அளக்க எங்கே குத்துவாய் என்றார். ஓரத்துத் துளையைக் காட்டினேன். வோல்டேஜுக்கு? பக்கத்துத் துளை.

"கரண்ட் அளந்துட்டு, ஒயரை மாத்த மறந்து அப்படியே பிளக் பாயிண்டுல வச்சா?"

தெரியவில்லை என்றேன்.

"ஷார்ட் ஆகி கையிலேயே வெடிக்கும்."

"தொழில் தெரிஞ்சவங்க மறப்பாங்களா?"

"நானே ரெண்டு தடவை மறந்திருக்கேன்டி."

அதனால்தான் அந்தப் பருமன். விரல் தடிமனில், உள்ளே மணல் நிரப்பிய ஃபியூஸ் ஒன்றை அதில் வைத்திருந்தார். ஒயர் தப்பான துளையில் இருந்தால் மீட்டர் கத்தும். கம்பெனியின் ஜன்னலில்லாத ஆய்வு அறையில், வேண்டுமென்றே தப்பாகக் குத்தி எத்தனையோ மீட்டர்களைக் கருக்கிய பிறகு கிடைத்த வடிவம் அது. வெடிப்பு உள்ளேயே பத்திரமாக அடங்கும்வரை சித்தி விடவில்லை. சித்தி மீட்டருக்குத்தான் கழுத்தை நீட்டியிருக்கிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

புது மேலாளர் வந்தார். மீட்டர் மெலிய வேண்டும் என்றார். மணல் ஃபியூஸ் போய், மெல்லிய கண்ணாடி ஃபியூஸ் வந்தது. கத்தலும் போனது. "நம்ம கஸ்டமர் எல்லாம் எக்ஸ்பர்ட்ஸ் மேடம், அவங்களுக்கு எதுக்கு ஊதல்?" என்று கேட்டாராம். வாழ்நாளில் ஒரு பிளக்கைக்கூடத் திறந்து பார்க்காதவர். பழைய வடிவத்துக்குக் கிடைத்து முகப்பில் அச்சிட்டிருந்த பாதுகாப்பு முத்திரையை மட்டும் அவர் எடுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சித்தி புது வரைபடத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார். சித்தியைக் கையேடு எழுதும் பிரிவுக்குத் தள்ளினார்கள். கருவியை வடித்தவருக்கு, அதன் எச்சரிக்கையைச் சரிபார்க்கும் வேலை.

தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவள் என்று அந்த எச்சரிக்கைத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். அலுவலகம் எழுதியிருந்தது இது: "இணைப்பு மாறின் பயனருக்கு அசௌகரியம் ஏற்படக்கூடும்."

படித்துவிட்டு நிமிர்ந்தேன். சித்தி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"அசௌகரியமாம். மீட்டரைத்தான் காப்பாத்த முடியல. இதையாவது மனுஷன் பேசுற மாதிரி எழுதிக் குடு. கை வெந்துடும்னே எழுது. ரெண்டு மொழியிலயும். முதல் பக்கத்துல வர வைக்கிறது என் பொறுப்பு."