ஹாஃப் கிளட்ச்

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், என் மனைவியை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு பூதலூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. காலை ஏழரைக்கு அவளுக்கென்று ஒரு கட்டில் காத்திருக்கும். நாலு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுத்தமாகும். அவளுக்குப் பிறகு அதே கட்டிலுக்கு இன்னொருவர் வரவேண்டும் என்பதால், நாம் பிந்திப் போனால் பிந்தின நேரம் போனதுதான். இது மூன்றாவது வருடம். அலுத்துவிட்டது என்று சொன்னால், இப்படிப் பேசலாமா என்று யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அலுத்துத்தான் விட்டது.

பஸ் உண்டு. படி ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வர அவளால் ஆகாது. ஆட்டோ வாரம் இரண்டு தடவை நமக்குக் கட்டுப்படியாகாது. ஆக, இந்தப் பழைய பைக்தான். ஒரு பால்காரர் ஓட்டி ஓய்ந்து என் தலையில் கட்டிய வண்டி. கேன் மாட்டுகிற கொக்கி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அவள் புடவை மாட்டிக் கிழிந்த அன்றே அறுத்துப் போட்டேன். நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வண்டியின் வயதை நிலக் கணக்கில் எழுதுகிற பசலி ஆண்டில்தான் சொல்ல வேண்டும் என்று வருகிறவர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள். ஓட்டுகிறவனுக்கல்லவா தெரியும்.

அவள் ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். ஊசி குத்துகிற இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் என் தோளைத் தொட்டுக்கொள்வாள். பிடிக்க மாட்டாள், தொடுவதோடு சரி. எங்கள் ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போவதற்குள் ஐந்து வாய்க்கால்கள். ஒவ்வொன்றின் மேலும் முதுகைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்னப் பாலம். பாலத்துக்குப் பாலம் கியரைக் குறைக்க வேண்டும், கூட்ட வேண்டும். மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு வெட்டு வெட்டும். பின்னால் அவள் ‘ஸ்’ என்று மூச்சை இழுப்பது காதில் விழும். திரும்பி வரும்போது இன்னும் மோசம், உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லாமல்தான் உட்கார்ந்திருப்பாள்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி ஹாஃப் கிளட்ச். லீவரை முழுக்கப் பிடிக்காமலும் முழுக்க விடாமலும் பாதியிலேயே வைத்திருந்தால் வண்டி வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். பாலத்தில், வேகத்தடையில், மாட்டுக்குப் பின்னால், எங்கேயும் என் நாலு விரலும் லீவரின் மேலேயே இருக்கும். வீட்டுக்கு வந்தால் டம்ளரைப் பிடிக்க முடியாது, விரல் மடங்காது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேபிளை நானே திருகி இறுக்கிவிட்டேன். அதன்பிறகு விரல் பட்டாலே கிளட்ச் பிடித்தது. பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். துபாயிலிருந்து லீவில் வந்த என் மைத்துனர் தன் காருக்கு ஆயில் மாற்றிவிட்டு, மிச்சத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். ஒஸ்தி ஆயில், தேன் நிறத்தில் இருந்தது. காருக்கே ஊற்றுகிறார்கள், இந்தப் பழசுக்கு ஊற்றினால் என்ன குறைந்துபோகும் என்று பழைய ஆயிலை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். சத்தம் குறைந்தது. ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வினை வந்தது. சம்பா அறுவடை நேரம். ரோட்டின் பாதியில் தார்ப்பாய் மூடிய நெல் குவியல்கள், சுற்றிலும் கல். மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு ஓர் அறுவடை மிஷின் ஊர்ந்து போனது. மூன்று கிலோமீட்டர் அதன் பின்னால் ஹாஃப் கிளட்ச்சிலேயே போனேன். ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது. வயலில் வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தஞ்சாவூருக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு மேம்பாலம். பாதி ஏறியதும் இன்ஜின் கத்த ஆரம்பித்தது. திருகத் திருகக் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவளை இறக்கிவிட்டு நான் தள்ளினேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். உச்சியில் நின்றுவிட்டாள்.

"விட்டுடலாங்க" என்றாள். "எனக்கும் முடியல, உங்களுக்கும் முடியல."

வண்டியைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னேன். நடந்தாள். கீழே ஓர் ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். அன்று அவளுக்கு மிச்ச நேரம்தான் கிடைத்தது. மறுநாள் முகமும் காலும் வீங்கியிருந்தன.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிப் பூதலூரில் பாய் ஒர்க்‌ஷாப்பில் போட்டேன். பாய் சவூதியில் பத்து வருடம் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு வந்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். லீவரைத் தொட்டதுமே என்னைப் பார்த்தார். பிடிப்பதற்கு முன் ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவாவது அது சும்மா ஆட வேண்டுமாம். என் லீவரில் ஆட்டமே இல்லை. ஆயிலை விரலில் தொட்டு, இது காருக்கானது, நம் வண்டியில் கிளட்ச் பிளேட்டும் இதே ஆயிலில்தான் ஊறுகிறது, வழுக்கத்தான் செய்யும் என்றார். வலது பக்க மூடியைக் கழற்றிப் பிளேட்டுகளை என் முன்னால் வரிசையாக வைத்தார். அத்தனையும் கரி.

"அண்ணே, கிளட்ச்ச நீங்க எப்பத்தான் விடுவீங்க?" என்றார்.

எதற்காகப் பிடிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறப் போட்டார். ஊறாமல் போட்டால் மறுபடி கருகும், உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். அப்படி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. எழுந்து வீட்டுக்குப் போகவே மனமில்லை, அது உண்மை.

போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வண்டிக்கு என்ன என்று கேட்டாள், அவ்வளவுதான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்குக் குலுங்கக் கூடாதுன்னு புடிச்சுப் புடிச்சுத்தான் பிளேட்டெல்லாம் கருகிப்போச்சு."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்து என் இடது கையைப் பார்த்தாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதைத் தவிர வேறு பேச்சில்லை. வெள்ளிக்கிழமை வரவே மாட்டாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். வரமாட்டேன் என்றால் என்ன செய்வேன், தூக்கியா வண்டியில் வைக்க முடியும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். உட்கார்ந்தாள். கிளம்பினோம். முதல் வாய்க்கால் பாலம் வந்தது. பாய் சொன்னதெல்லாம் நினைவிருந்தும் என் விரல்கள் தாமாகவே லீவருக்குப் போயின.

"விடுங்க" என்றாள் பின்னாலிருந்து.

மேம்பாலத்தில் சொன்னதையே மறுபடி சொல்கிறாள் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்க. கிளட்ச்ச விடுங்க. நான் புடிச்சுக்கிறேன்."

விட்டேன். வண்டி ஒரு வெட்டு வெட்டிப் பாலத்தில் ஏறியது. மூன்று வருடமாகத் தொட்டுக்கொண்டு மட்டும் வந்த கை, என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. நகம் பதிகிற அளவுக்குப் பிடித்திருந்தது, வலித்தது. ஏழே காலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.